சிட்னியின் வடகரையில் ஒரு பழைய வீடு

ஆகஸ்ட் 16, சனி

சிட்னித் துறைமுகப் பாலத்தைத் தாண்டி வடக்கே போகும் ரயில் பாதை, ஒரு நீண்ட மேட்டின் உச்சியைப் பிடித்துக்கொண்டு செல்கிறது. ரோஸ்வில், லிண்ட்ஃபீல்ட், கில்லாரா, கோர்டன், பிம்பிள், டர்ராமர்ரா, வாருங்கா என்று அடுத்தடுத்து வரும் நிலையங்களின் இருபுறமும், நூறாண்டுக்கு முன் வசதியுள்ள குடும்பங்கள் பெரிய மனைகளில் கட்டிக்கொண்ட வீடுகள் இன்னமும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. 1890-இல் ஹார்ன்ஸ்பிக்கும் செயின்ட் லெனர்ட்ஸுக்கும் இடையே திறக்கப்பட்ட பாதை இது. 1932-இல் பாலம் திறந்தபின் நகரத்தின் நடுவுக்கே நேராக வண்டி ஓடத் தொடங்கியது. ரயில் இல்லையென்றால் இந்த ஊர்கள் பழத்தோட்டங்களாகவே இருந்திருக்கும்.

இன்று அந்த ரயில்தான் ஓடவில்லை. வார இறுதியில் தண்டவாளப் பராமரிப்பு என்று சாட்ஸ்வுட்டோடு வண்டியை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து மாற்றுப் பேருந்து. கோர்டனில் வசிக்கும் என் தோழிக்கும் அவள் கணவருக்கும் மருத்துவமனையில் பணி இருந்ததால் நானே வந்துகொள்வதாகச் சொல்லியிருந்தேன். பெட்டிகளோடு பேருந்துப் படியில் தடுமாறியபோது, முன்பின் அறியாத ஒரு மாணவன் கேட்காமலே ஒன்றைத் தூக்கி உள்ளே வைத்தான். கோர்டனில் இறங்கும்போது வேறொரு பெண்மணி அதை எடுத்துக் கொடுத்தார். இறங்கியவர்கள் அத்தனை பேரும், சிறுவர்கள் உட்பட, ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டே இறங்கினார்கள்.

வீடு, நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், கிழக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருக்கிறது. 1910-களில் கட்டியது. தனித்தனிக் குடியேற்றங்களாக இருந்தவை 1901-இல் இணைந்து ஆஸ்திரேலியா என்ற ஒரே நாடான காலத்தை ஒட்டிப் பரவிய பாணி என்பதால் இத்தகைய வீட்டை ஃபெடரேஷன் வீடு என்கிறார்கள். சிவப்புச் செங்கல் சுவர்கள், செங்குத்தாகச் சரியும் ஓட்டுக் கூரை, உயர்ந்த புகைபோக்கிகள், இழைத்த மரவேலைப்பாடு கொண்ட அகன்ற வராந்தா, வாசற்கதவின் இருபுறமும் ஈயப் பட்டைகளுக்கிடையே பதித்த வண்ணக் கண்ணாடி. மனை ஏறத்தாழ 1,900 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் எட்டரை கிரவுண்டு. அதில் கட்டடம் பிடித்திருக்கும் இடம் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மீதி எல்லாம் தோட்டம்.

தோழியின் மாமனார் வாசலுக்கே வந்து வரவேற்றார். கோயம்புத்தூர்க்காரர், எண்பதைத் தாண்டியவர். "வாங்க அம்மிணி, பயணமெல்லாம் நல்லா இருந்துச்சுங்களா? ஸ்வெட்டரை மட்டும் உள்ளே வந்து கழட்டிராதீங்க" என்றார். அதன் பொருள் இரவில்தான் விளங்கியது. வெளியே எட்டு டிகிரி. என் அறைக்குள் பன்னிரண்டு. உட்கூரை பன்னிரண்டடி உயரத்தில் இருப்பதால், ஹீட்டர் தரும் சூடு முழுவதும் தலைக்கு மேலே போய்த் தங்கிவிடுகிறது. சன்னல்களுக்கு ஒற்றைக் கண்ணாடி. தரைப் பலகைகளின் இடுக்கு வழியாக அடியிலிருந்து காற்று வருகிறது. அறைக்கு அறை இருந்த கணப்பு அடுப்புகளை எப்போதோ அடைத்துவிட்டார்கள். கோடை வெயிலை மனத்தில் வைத்துக் கட்டிய வீடு இது. படுக்கைக்கு அடியில் விரித்த மின்சாரக் கம்பளிதான் என்னைத் தூங்க வைத்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் குக்கபரா பறவைகளின் சத்தத்தில் எழுந்தேன். ஒன்று தொடங்கினால் தெருவின் மறுகோடி வரை ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டால் குளிர்காலச் சூரியன் வானத்தின் வடபாதியில் நகர்கிறது. ஆகவே இந்த வீட்டில் வெயில் வேண்டுமென்றால் வடக்கு வராந்தாவுக்குத்தான் வர வேண்டும். குடும்பமே பகலில் அங்கேதான் இருக்கிறது. பெரியவர் செய்தித்தாளோடு ஒரு மூலையில், பிள்ளைகள் இருவரும் பாடப் புத்தகங்களோடு படியில், தோழி காய் நறுக்கும் பலகையோடு நடுவில். உள்ளே அத்தனை அறைகள் இருந்தும் ஆறடி அகல வராந்தாவில் மூன்று தலைமுறை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க நிறைவாக இருந்தது. இட்லியும் தேங்காய்ச் சட்னியும் அங்கேயே சாப்பிட்டோம்.

மதியம் எரில்டீன் என்ற வீட்டைப் பார்க்கப் போனோம். இதே கோர்டனில், மெக்கின்டாஷ் தெருவில் இருக்கிறது; குறிப்பிட்ட வார இறுதிகளில் மட்டும் திறக்கிறார்கள். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழிப் பேராசிரியராக இருந்த ஈ. ஜி. வாட்டர்ஹவுஸுக்காகவும் அவர் மனைவி ஜேனட்டுக்காகவும் கட்டடக் கலைஞர் வில்லியம் ஹார்டி வில்சன் 1914-இல் கட்டி முடித்தது. அக்கம்பக்கத்து வீடுகளின் செங்கல் அலங்காரம் எதுவும் இல்லாமல், வெள்ளைச் சுவரும் ஒற்றைத் தளமும் அளவான முன்மண்டபமுமாக, இடவலம் ஒன்றுபோல அமைந்த அமைதியான வீடு. வீட்டுக்குக் கொடுத்த அதே அக்கறையைத் தோட்டத்துக்கும் கொடுத்து, புறாக்கூடு, சீனப் பாணித் தேநீர் மண்டபம் என்று ஒவ்வொன்றையும் பார்வைக் கோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். அறையின் தொடர்ச்சியாகத் தோட்டத்தைக் கருதிய கணவனும் மனைவியும் இருந்தால்தான் இப்படி ஓர் இடம் உருவாகும்.

வாட்டர்ஹவுஸின் பெயர் இன்று நிலைத்திருப்பது கமெலியா மலர்களால். ஆஸ்திரேலியாவில் கமெலியா மதிப்பிழந்திருந்த காலத்தில், பழைய தோட்டங்களில் பெயர் மறந்துபோன வகைகளைத் தேடிக் கண்டெடுத்துச் சரியான பெயரிட்டு வகைப்படுத்தியவர் அவர். தம் தோட்டத்தில் தானாக முளைத்த நாற்றுகளிலிருந்தும் புது வகைகளைத் தெரிந்தெடுத்தார். அவற்றில் ஒன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. நம் நீலகிரித் தேயிலையும் கமெலியா இனத்தைச் சேர்ந்ததுதான் என்பதால், அந்தத் தடித்த, பளபளக்கும் இலைகள் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஆகஸ்டில் மரம் பூத்து, தரையும் உதிர்ந்த பூக்களால் சிவந்திருக்கிறது.

1977-இல் அவர் மறைந்தபின் ஓர் அறக்கட்டளை வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர்கள் தன்னார்வலர்கள். ஸ்கோன் என்னும் மாவுப் பண்டத்தை ஜாமும் க்ரீமும் வைத்துத் தேநீரோடு கொடுத்தார்கள். ஸ்கோன் சுடச்சுட இருந்தது. அதை வெட்டாமல் கையால் பிட்டுத்தான் உண்ண வேண்டும் என்று பக்கத்து மேசையில் இருந்த ஒரு முதியவர் அன்போடு சொல்லிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தோட்டத்தில் இன்று ஒரு கலவரம். போன வாரம்தான் தோழியின் கணவர் செடிகளின் அடியில் மரச்சீவலும் சருகுமாக மூடாக்குப் போட்டிருந்தார். காலையில் பார்த்தால் ஒரு பாத்தியில் மண் மொட்டையாகத் தெரிந்தது. மூடாக்கு முழுவதும் பின்வேலி ஓரத்தில் குவிந்து கிடந்தது. கறுத்த உடலும் சிவந்த மொட்டைத் தலையும் மஞ்சள் கழுத்துமாக ஒரு பறவை, பின்னோக்கி நடந்தபடியே கால்களால் சருகை வாரி எறிந்துகொண்டிருந்தது. ப்ரஷ் டர்க்கி என்னும் புதர்க்கோழி.

ஆண் பறவைதான் மேடு கட்டுகிறது. ஒரு மீட்டர் உயரமும் நான்கு மீட்டர் அகலமும் வரை எழும் அந்தச் சருகுக் குவியல் மட்கும்போது உண்டாகும் வெப்பத்தில்தான் முட்டைகள் பொரிகின்றன. உள்ளே 33 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். அலகை உள்ளே விட்டுச் சூடு பார்த்து, கூடினால் சருகை விலக்கியும் குறைந்தால் சேர்த்தும் மாதக்கணக்கில் காவல் இருக்கிறது. பொரிந்த குஞ்சு தானே தோண்டிக்கொண்டு வெளியே வந்து, தாய் தந்தை யாருடைய துணையும் இல்லாமல் புதருக்குள் போய்விடுகிறது. சட்டம் பாதுகாக்கும் பறவை என்பதால் அதற்குத் தீங்கு செய்யவோ, முட்டையுள்ள மேட்டைக் கலைக்கவோ கூடாது. தோழியின் கணவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மொட்டையான பாத்தியில் வேர்களை மூடக் கூழாங்கல் பரப்பினார். கல்லை அது வாருவதில்லையாம்.

மாலையில் இந்த வீட்டின் முந்தைய சொந்தக்காரர் வந்தார். 1968-இல் மணப்பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்து, பிள்ளைகளை வளர்த்து, கணவரை இழந்து, சில ஆண்டுகளுக்கு முன் விற்றுவிட்டு அருகிலேயே முதியோர் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார். கமெலியா பூத்து ஓயும் பருவத்தில் கவாத்துக் கத்தரியோடு வந்து, தோழிக்குக் கைகாட்டிக் கொடுப்பது ஆண்டுதோறும் வழக்கமாகிவிட்டது. அழைப்பு மணியை அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை வாசற்படிக்குக் கீழேயே நின்றார். அரை நூற்றாண்டு தாம் திறந்து மூடிய கதவு அது. உள்ளே வரலாமா என்று கேட்டு, தோழி அழைத்த பிறகே காலெடுத்து வைத்தார். மரத்தின் நடுவில் ஒரு சிறு பறவை சிறகில் கிளை படாமல் பறந்து போகும் அளவுக்கு இடைவெளி விட்டுக் கழிக்க வேண்டும் என்பது அவர் பாடம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஹார்ன்ஸ்பியில் கடைகளுக்குப் போனதைத் தவிர வேறில்லை. ஒரு காப்பி ஐந்தரை டாலர், நம் பணத்தில் முந்நூறு ரூபாய்க்கு மேல். கையளவு கறிவேப்பிலைப் பொட்டலம் மூன்று டாலர். எலுமிச்சையை மட்டும் யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. இங்குள்ள பழைய வீடுகளின் கொல்லையில் பெரும்பாலும் ஓர் எலுமிச்சை மரம் உண்டு. குளிர்காலத்தில் காய்த்துத் தள்ளுகிறது. திரும்பி வரும் வழியில் இரண்டு வீடுகளின் வாசலில் பெட்டி நிறையப் பழம் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். நான் மடி நிறைய எடுத்து வந்து, நான்காகக் கீறி உப்படைத்து, வடக்கு வராந்தா வெயிலில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்றுத் தொடங்கிய மழை நிற்கவில்லை. வெயிலில் வைத்த ஊறுகாய் உள்ளே வந்துவிட்டது. நள்ளிரவில் காற்று வலுத்து, தெருவோரத்து யூகலிப்டஸ் மரத்தின் கிளை ஒன்று மின்கம்பியின் மேல் விழ, தெரு முழுக்க இருட்டாகிவிட்டது. சற்று நேரத்தில் இன்னொரு கிளை கூரையில் விழுந்து பெருஞ்சத்தம். கூடத்து உட்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

அந்த உட்கூரை இந்த வீட்டின் அழகுகளில் முதன்மையானது. தகட்டில் பூங்கொடி வடிவங்களை அச்சடித்து வண்ணம் பூசியது. சிட்னியில் உண்டர்லிக் சகோதரர்களின் நிறுவனம் இவ்வகைத் தகடுகளை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் செய்து கொடுத்தது. நான்கு திசையிலும் வாளிகளை வைத்துவிட்டு, அவசர உதவிப் படையைத் தொலைபேசியில் அழைத்தாள் தோழி. விடிவதற்குள் ஆரஞ்சு நிறச் சீருடையில் நால்வர் வந்தனர். ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் கணக்காளர். நால்வருமே சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கொட்டும் மழையில் கூரையேறித் தார்ப்பாய் கட்டிவிட்டு, தேநீர் குடிக்கச் சொன்னபோது, இன்னும் பதினோரு வீடுகள் காத்திருக்கின்றன என்று மறுத்துவிட்டுப் போனார்கள்.

மின்சாரம் மதியம் வரை வரவில்லை. அடுப்பு எரிவாயுவில் எரிவதால் தோழி ரசம் வைத்து எதிர்வீட்டுக்கு ஒரு பாத்திரம் அனுப்பினாள். அங்கிருந்து பூசணி சூப் வந்தது. எதிர்வீட்டுக்காரர் சீன வம்சாவளியினர், மகள் பள்ளியில் தோழியின் மகளோடு படிக்கிறாள். பள்ளிகளுக்காகவே இங்கு வந்து குடியேறிய குடும்பங்கள் இந்தத் தெருவில் நிறைய.

மழை விட்டபின் கொட்டகைக்குப் பின்னால் இருந்து மாற்று ஓடுகளை எடுத்தோம். பழைய சொந்தக்காரரின் கணவர் அடுக்கி வைத்துவிட்டுப் போனவை. ஒன்றைக் கழுவித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஒரு தேனீயின் உருவம், சிறகின் நரம்புகள்கூடத் தெரியும்படி அழுந்தியிருந்தது; சுற்றிலும் மார்செய்ல், சேன்ட் ஆந்த்ரே என்ற எழுத்துகள். பிரான்சின் தென்கரையில் சுட்ட ஓடு. கம்பளி மூட்டைகளை ஏற்றிப்போகச் சிட்னிக்கு வந்த கப்பல்களில் வந்து சேர்ந்திருக்கிறது. முதல் உலகப் போரில் இறக்குமதி நின்றுபோன பிறகே இந்த நாட்டில் அவ்வகை ஓடு பெருமளவில் உற்பத்தியானது. ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் பூட்டிக்கொள்ளும் அந்த அமைப்பை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையில் இவ்வகை இடைப்பூட்டு ஓடுதான் செய்தார்கள். கூரை வேலைக்கு வந்தவர் அதை அதன் இடத்தில் பொருத்தியபோது, நூறு வயதுள்ள பக்கத்து ஓடுகளோடு விரற்கடைகூடப் பிசகாமல் உட்கார்ந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இத்தனை மரங்கள் இங்கே ஏன் என்ற கேள்விக்கு விடை காண டால்ரிம்பிள்-ஹே காட்டுக்குப் போனோம். கோர்டனுக்குப் பக்கத்திலேயே, செயின்ட் ஐவ்ஸ் பகுதியில், வீடுகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் காடு.

சிட்னியைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் மணற்பாறை. அதில் குட்டையான, முறுகிய மரங்களே வளரும். ரயில் ஓடும் இந்த மேட்டின் மேல் மட்டும் களிப்பாறைப் படலம் மூடியிருக்கிறது. அது மட்கி உண்டாகும் ஆழமான மண்ணும், ஆண்டுக்கு 1,050 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையும் சேர்ந்து, ப்ளூ கம், பிளாக்பட் ஆகிய யூகலிப்டஸ் மரங்களை வானளாவ வளர்த்தன. உதகையில் நாம் பார்க்கும் தைல மரத்துக்கு இவை நெருங்கிய உறவு, ஆனால் வேறு இனங்கள். முதலில் மரம் வெட்டுபவர்கள் வந்தார்கள், பிறகு பழத்தோட்டக்காரர்கள், பிறகு ரயிலும் வீடுகளும். நல்ல மண் இருந்த இடமே வீடு கட்டவும் நல்ல இடமாக இருந்ததால், அந்தக் காட்டில் இருபதில் ஒரு பங்குகூட இன்று மிஞ்சவில்லை. அழிவின் விளிம்பில் இருப்பதாக அரசே பட்டியலிட்டிருக்கிறது.

அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்கு உயர்ந்த, வழவழப்பான சாம்பல்நீல மரங்களுக்கு நடுவே நின்றபோது ஒன்று புரிந்தது. தெருவில் நான் வியந்த பெருமரங்கள் அழகுக்காக யாரோ நட்டவை மட்டுமல்ல. சில, வீடுகளுக்கு முன்பே இங்கிருந்த காட்டின் மிச்சம். தோழியின் கொல்லையில் வேலியோரமாக நிற்கும் பிளாக்பட் அப்படிப்பட்டது. அடிப்பகுதியில் நார்நாராக மேற்பட்டை, மேலே வெண்மையான வழவழ உடல். ஓரளவுக்கு மேல் வளர்ந்த மரத்தைச் சொந்த மனையில்கூட நகரவையின் அனுமதியின்றி வெட்ட முடியாது. கிளை விழுந்து கூரை உடைந்த மறுநாள் இதைக் கேட்கும்போதும் எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆகஸ்ட் 23, சனி

தெருக்கோடியில் ஒரு வீடு ஏலத்துக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் நல்ல வீடுகளை வாசலிலேயே, ஊர் பார்க்க ஏலம் விடுகிறார்கள். வாங்குகிறவர்கள் பெயரைப் பதிந்து எண் எழுதிய அட்டையைப் பிடித்திருக்க, அக்கம்பக்கத்தார் நாய்களோடும் குழந்தைகளோடும் புல்தரையில் நின்று பார்க்கிறார்கள். ஏலம் விடுபவர் முன்படியில் ஏறி நிபந்தனைகளைப் படித்தார். விற்பவர் மனத்தில் வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை ஏலம் விடுபவருக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. அதைத் தாண்டிய கணத்தில், வீடு விற்பனைக்கு வந்துவிட்டது என்று உரக்க அறிவிக்கிறார். அதன் பிறகு போட்டி கடுமையாகிறது.

நாற்பது லட்சம் டாலரைத் தாண்டித்தான் நின்றது. நம் பணத்தில் இருபத்து மூன்று கோடி ரூபாய்க்குக் குறையாது. இதற்கு மேல் முத்திரைத் தீர்வை மட்டும் இரண்டு லட்சம் டாலருக்கு மேல். மூன்றுமுறை கூவி, சுருட்டிய காகிதத்தால் உள்ளங்கையில் தட்டியதும் கூட்டம் கைதட்டியது. ஏலத்தில் வாங்கியவருக்கு மனம் மாற அவகாசம் கிடையாது. அன்றே கையொப்பமிட்டு, வழக்கமாகப் பத்து விழுக்காட்டைக் கட்டிவிட வேண்டும். எனக்கு அருகில் நின்ற ஒரு செவிலியர், இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் இங்கே வாடகைக்கு இருக்கக்கூடத் தனக்குக் கட்டுப்படியாகவில்லை என்றும், ஒரு மணிநேரம் பயணம் செய்து வேலைக்கு வருவதாகவும் சொன்னார். அவர் வருத்தத்தில் பொறாமை இல்லை. அதனாலேயே அது என்னை அதிகம் உறுத்தியது.

2024-இல் மாநில அரசு கொண்டுவந்த விதி இந்தப் பின்னணியில்தான் வந்தது. ரோஸ்வில், லிண்ட்ஃபீல்ட், கில்லாரா, கோர்டன் நிலையங்களிலிருந்து 400 மீட்டருக்குள் ஆறு மாடி வரை அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டலாம் என்றது அது. இந்த ஊர்களை நிர்வகிக்கும் கு-ரிங்-காய் நகரவை நீதிமன்றம் போனது. தானும் ஒரு மாற்றுத் திட்டம் வகுத்தது. தெருவில் இதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ரயிலுக்கு அருகில் அதிகம் பேர் வாழ இடம் கொடுப்பது சரி என்பதே என் எண்ணம். அந்தச் செவிலியருக்கும் இங்கே ஒரு வீடு இருக்க வேண்டும். ஆனால் மனையின் எல்லையிலிருந்து எல்லை வரை தோண்டி நிலத்தடி வண்டிக்கூடம் கட்டிவிட்டால், மேலே எத்தனை தொட்டிச் செடி வைத்தாலும் அந்தக் களிமண்ணும் வேரும் திரும்ப வரா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாருங்காவில் ரோஸ் சீட்லர் வீட்டைப் பார்த்தோம். கட்டடக் கலைஞர் ஹாரி சீட்லர் தம் தாய் ரோஸுக்கும் தந்தைக்குமாக 1948 முதல் 1950 வரை கட்டியது. 1951-இல் கட்டடக் கலைக்கான சல்மன் பதக்கம் பெற்றது. நாஜிகள் வியன்னாவைப் பிடித்த 1938-இல் சிறுவனாக அங்கிருந்து தப்பிய ஹாரி, ஹார்வர்டில் நவீனக் கட்டடக் கலையின் முன்னோடி கிரோபியஸிடம் பயின்று, பெற்றோரின் அழைப்பின் பேரில் சிட்னி வந்தார். தட்டைக் கூரை, தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் பெட்டி போன்ற உடல், சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி, திறந்த தளத்தில் அவரே தீட்டிய பெரிய வண்ண ஓவியம். வராந்தாவின் இருட்டும் தடித்த செங்கல்லும் இல்லாமல், பள்ளத்தாக்கின் காடு நேராகக் கூடத்துக்குள் வருகிறது. குளிர்கால வெயில் தரை முழுவதும் விழுந்திருந்தது. நம் தோழி வீட்டில் ஒரு வாரமாக நான் தேடிய கதகதப்பு இங்கே இருந்தது. பெரியவர் ஒரு நாற்காலியைக் காட்டி, உட்காரலாமா என்று காவலரிடம் கேட்டார். அவர் வேறொரு நாற்காலியைக் கொண்டுவந்து வெயிலில் போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நாளை கிளம்புகிறேன். பக்கத்து மனையைக் கட்டுமானக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார் என்ற செய்தி இன்று உறுதியானது. தோழி பதறவில்லை. பழைய சொந்தக்காரரை அழைத்தாள். அவர் ஒரு நீலநிற நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். 1968 முதல் நட்ட ஒவ்வொரு செடியின் பெயர், நட்ட நாள், வாங்கிய நாற்றங்கால், பட்டுப்போனால் அதன் தேதி என்று அத்தனையும் சாய்வான கையெழுத்தில் எழுதியிருந்தது. பிளாக்பட் மரத்துக்கு நேராக, "எங்களுக்கு முன்பே" என்ற பொருளில் இரண்டே சொற்கள்.

கட்டுமான விண்ணப்பம் வரும்போது, பக்கத்து மனையின் மரங்களையும் கணக்கில் எடுத்து மர வல்லுநர் அறிக்கை கொடுக்க வேண்டும். தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வரும் தூரம்தான் வேர்களுக்கான பாதுகாப்பு வட்டத்தின் ஆரம். பிள்ளைகள் அளவுநாடாவைச் சுற்றிப் பிடிக்க, பெரியவர் எண்ணைச் சொல்ல, நான் எழுதினேன். சுற்றளவைக் கொண்டு கணக்கிட்டதில் விட்டம் 95 சென்டிமீட்டர், வட்டத்தின் ஆரம் 11.4 மீட்டர். மரத்திலிருந்து வேலிக்கு மூன்று மீட்டர்தான். ஆக, வேலிக்கு அப்பால் எட்டு மீட்டருக்கும் மேல் அதன் வேர்களுக்கு உரிமை இருக்கிறது.

இவ்வளவையும் ஒரு வரைபடமாகப் போட்டு, நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்து இணைத்து, நகரவைக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் தோழியும் அந்த அம்மையாரும் வடக்கு வராந்தாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அடுக்குமாடி வரக்கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நிலத்தடிக் கூடத்தை அந்தப் பக்கம் எட்டரை மீட்டர் தள்ளிக் கட்டுங்கள் என்பதே கோரிக்கை. இருவரும் கையொப்பமிடப் போகிறார்கள். எலுமிச்சை ஊறுகாயில் பாதியை அம்மையாருக்குப் புட்டியில் போட்டுக் கொடுத்தேன். தயிர்ச் சோற்றோடு தொட்டுக்கொள்ள வேண்டியது என்று தோழி அவருக்குச் செய்முறையும் எழுதிக் கொடுத்தாள்.